ஒரே தாள், இரண்டு பேர்: பலாலி வீதியில் ஒரு தொழில் வழிகாட்டல் நிலையம்

"கிளினிக்கல் பார்மகாலஜி படிக்கப் போறன்" என்று தம்பி வீட்டில் சொன்ன அன்று சின்னம்மா கேட்டது, "டொக்டருக்குப் படிச்சுப்போட்டு பார்மசியோ போடப் போறாய்?" அதே சொல்லை நான் சொன்னபோது அம்மா கேட்டது, "நீ இப்பவும் பார்மசியிலதானே நிக்கிறாய், பிறகென்ன படிக்க இருக்கு?" கிளினிக்கல் பார்மகாலஜி என்பது மருந்தும் அதன் அளவும் நோயாளிகளில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்கிற துறை, மருந்துக் கடை வேலை அல்ல. இரண்டு வீட்டிலும் கேள்வி வேறு, குழப்பம் ஒன்று. அதைத் தீர்க்கத்தான் யாழ்ப்பாணம் பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட, ஒரு மாடியில் நடக்கிற தொழில் வழிகாட்டல் நிலையத்துக்கு இருவரும் போனோம். இதுவரை மூன்று முறை போயிருக்கிறோம். முதல் முறை வீண். மற்ற இரண்டு முறையும் கொடுத்த காசுக்கு மேலான பயன் கிடைத்தது.

நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. முதல் நாள் நடந்த பிழையை அவர்களே ஒப்புக்கொண்டு பாதிக் காசைத் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகும் பெயரைப் போட்டு ஒருவருடைய பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்ததை எழுதாமலும் விட முடியாது. இந்தத் துறையைப் பற்றி இதே பிழையை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். வருடத்துக்கு வருடம் பிள்ளைகள் இதை நம்பிக் கடன் எடுக்கிறார்கள்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பி.பார்ம் என்ற மருந்தாளர் பட்டப்படிப்புப் படித்தவள். ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு தனியார் பார்மசியில் நான்கு வருடமாக மருந்தாளராக நிற்கிறேன். தம்பி சின்னம்மாவின் மகன். எம்.பி.பி.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சியும் முடித்து, இப்போது வன்னியில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்கிறான். மருந்து என்றால் இருவருக்கும் பைத்தியம். சின்ன வயதில் அப்பப்பாவின் மருந்துப் பெட்டியைத் திறந்து, மாத்திரைகளை நிறம் நிறமாக அடுக்கி அடி வாங்கியவர்கள் நாங்கள்.

முதல் முறை போனது நல்லூர்த் திருவிழாக் காலம். கோயிலைச் சுற்றி வீதி மறித்திருந்ததால் அரியாலையிலிருந்து சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. அதற்கு அவர்கள் முகம் சுழிக்கவில்லை. இருக்கச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் தந்து, ஆளுக்கு ஒரு படிவம் தந்தார்கள். ஒரு ஆளுக்கு 4,000 ரூபாய். படிவத்தில் பெயர், உயர்தரப் பெறுபேறு, விருப்பமான நாடு, வங்கியில் எவ்வளவு காட்டலாம், இவ்வளவுதான் இருந்தது. இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், அந்த வேலையில் எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒரு கோடு கூட இல்லை. "விரும்பும் துறை" என்ற இடத்தில் இருவரும் கிளினிக்கல் பார்மகாலஜி என்று எழுதினோம்.

பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு தாள் அச்சடித்து வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெயரைத் தவிர ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பிரித்தானியாவில் ஒரு வருட எம்.எஸ்சி., கட்டணம் பவுணில், விசாவுக்குத் தேவையான வங்கி மீதி, கடைசி வரியில் "படிப்பு முடிந்ததும் கிளினிக்கல் பார்மகாலஜிஸ்டாகப் பணியாற்றலாம்."

"இது இரண்டு பேருக்கும் பொருந்துமோ? இவர் டொக்டர், நான் மருந்தாளர்" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். சயன்ஸ் படிச்ச ஆர் எண்டாலும் போகலாம்" என்றார் முன்மேசையில் இருந்த பிள்ளை. நல்ல மனதோடுதான் சொன்னார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. ஆனால் அந்தக் கடைசி வரி பிழை. இதை வாசிக்கிறவர்களில் ஒருவராவது அப்படி ஒரு தாளைக் கையில் வைத்திருக்கலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பிரித்தானியாவில் கிளினிக்கல் பார்மகாலஜி என்பது மருத்துவர்களுக்கான ஒரு விசேட துறை. மருத்துவப் பட்டம் வேண்டும், அங்குள்ள மருத்துவ சபையில் பதிவு வேண்டும். அதன் பிறகு போட்டி போட்டுப் பயிற்சி இடம் எடுத்து, பல வருடம் வார்டில் நின்று பயில வேண்டும். அநேகம் பேர் அதைப் பொது மருத்துவத்தோடு சேர்த்தே செய்கிறார்கள். ஒரு வருட எம்.எஸ்சி. நல்ல படிப்புத்தான், அறிவைத் தரும், ஆய்வு வேலைகளுக்குக் கதவு திறக்கும். ஆனால் அது யாரையும் விசேட வைத்திய நிபுணர் ஆக்காது. மருத்துவர் அதைப் படித்தாலும் பயிற்சிப் பாதை அப்படியே மிச்சம் இருக்கும். மருந்தாளர் படித்தால் மருந்துப் பரிசோதனை, மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, மருந்துக் கம்பனிகளின் ஆய்வுப் பிரிவு என்று வேறு வேலைகள் கிடைக்கலாம். அவை மதிப்பான வேலைகள். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்த வேலை அது இல்லை.

எங்கள் நாட்டிலும் இப்படித்தான். கொழும்பில் பி.ஜி.ஐ.எம். என்று நாங்கள் சொல்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் கிளினிக்கல் பார்மகாலஜிக்கு எம்.டி. என்ற மேற்பட்டம் இருக்கிறது. அது மருத்துவர்களுக்கு. தம்பிக்கு அந்தக் கதவு இங்கேயே திறந்திருக்க, அவனைப் பவுண் கட்டி எங்கேயோ போகச் சொல்கிறது தாள். எனக்கு அந்தக் கதவே இல்லை, ஆனால் இருக்கிறது என்று சொல்கிறது அதே தாள்.

அப்போது இவ்வளவு தெளிவாக எனக்கும் தெரியாது. தம்பிக்கு பி.ஜி.ஐ.எம். விஷயம் தெரிந்திருந்தது, அதை அவன் கேட்டதும் அந்தப் பிள்ளை தடுமாறினார். உள்ளேயிருந்து நிலையத்தை நடத்துகிற ஐயா எழும்பி வந்தார். தாளை வாசித்தார். "இது பிழையாப் போச்சு. சனிக்கிழமையில ஒரு மிஸ் வாறவ, அவ ஆஸ்பத்திரியில மருந்தாளரா இருந்து ஓய்வெடுத்தவ. அவவிட்ட வந்து கதையுங்கோ" என்று சொல்லி 4,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். எங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு தகப்பன் மகளோடு அதே போன்ற இன்னொரு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அவரைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். இந்த விமர்சனத்தை நான் எழுதுவதே அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகத்தான்.

மிஸ் மருந்தாளராக இருந்தவர், பிறகு சில வருடம் ஒரு மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளராகவும் இருந்திருக்கிறார். எந்த நாடு, எவ்வளவு காசு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கொப்பித் தாளைக் கிழித்து, பேனையால் எழுதி எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார்:

அம்மா, 78 வயது, 42 கிலோ. நீரிழிவு, பிறஷர். கிரியேட்டினின் 1.4. மெட்போர்மின் 500 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று தரம். எனலாபிரில். ஹைட்ரோகுளோரோதயசைட். முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனாக், தானே வாங்கிப் போடுகிறா.

"இதைப் பாத்து முதல் என்ன தோன்றுது? ஆளுக்கொண்டு சொல்லுங்கோ."

என் கண் நேரே டைக்குளோபெனாக்கில் போய் விழுந்தது. இந்த அம்மாவை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் என் கவுண்டருக்கு வருகிறா. "பிள்ளை, அந்தச் சின்ன நோக் குளிசை பத்துத் தா" என்பா. பிறஷர் மருந்தான எனலாபிரிலும் ஹைட்ரோகுளோரோதயசைட் என்கிற தண்ணீர்க் குளிசையும் எடுக்கிற ஒருவர் டைக்குளோபெனாக்கும் சேர்த்துப் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தில் கை வைக்கும். அதைச் சொன்னேன்.

தம்பி கிரியேட்டினினைப் பிடித்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, இரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 1.4 என்பது ஆய்வுகூடச் சீட்டில் சற்றுக் கூட என்று மட்டுமே தெரியும், பயப்படுகிற எண் போல இராது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று அறிய, மனப்பாடமான ஒரு சூத்திரத்தில் அவன் கணக்குப் போட்டான். 140இலிருந்து வயது 78ஐக் கழித்தால் 62, அதை 42 கிலோவால் பெருக்கினால் 2,604. கீழே 72 தர 1.4, அதாவது 100.8. வகுத்தால் 25.8. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 22 மில்லிலீட்டர். சிறுநீரகத்தின் வடிகட்டல் 30க்குக் கீழே போனால் நீரிழிவு மருந்தான மெட்போர்மின் கொடுப்பதில்லை. "நிப்பாட்டவேணும்" என்றான்.

மிஸ் தலையாட்டினார். இரண்டும் சரி என்றார். பிறகு பேனையை எடுத்து அந்த 0.85ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இந்த எண் எங்கையிருந்து வந்தது?"

இருவரும் மனப்பாடம் செய்தவர்கள். இருவருக்கும் தெரியவில்லை. மிஸ் சொன்னார்: கொக்ரொவ்ட்டும் கோல்ட்டும் 1976இல் கனடாவில் 249 பேரை வைத்து எடுத்த சூத்திரம் இது. அந்த 249 பேரில் அநேகமாக எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு 15 சதவீதம் குறைக்கலாம் என்பது அவர்கள் அளந்து கண்டதல்ல, ஒரு மதிப்பீடு. "அந்த ஆக்களுக்குள்ள 42 கிலோ நிறையில எங்கட ஊர் அம்மா ஒருத்தியும் இருந்திருக்கமாட்டா. அப்ப இவவுக்கு 22 எண்டது எவ்வளவு உண்மை? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு வருடம் கவுண்டரில் நின்றபோது ஒருநாளும் அப்படிச் சிலிர்க்கவில்லை. தம்பியைப் பார்த்தேன். அவன் இன்னும் மெட்போர்மினுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம், அந்த அம்மாவை எத்தனை நாளில் திரும்ப வரச் சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தான்.

மிஸ் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "வலியைச் சொல்லி வாற அம்மாவை இண்டைக்கு எப்பிடிக் காப்பாத்துறது எண்டு யோசிக்கிறது மருத்துவம். மருந்துகள் ஒண்டோட ஒண்டு மோதாமப் பாக்கிறது கிளினிக்கல் பார்மசி. மருந்தின்ர அளவு, அந்த எண், எங்கையிருந்து வந்தது, எங்கட ஆக்களுக்குப் பொருந்துமோ எண்டு தேடுறது கிளினிக்கல் பார்மகாலஜி. மூண்டும் ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில நடக்கிற வேலை. நீங்கள் துறையின்ர பேரைப் பாத்து வந்திருக்கிறியள். எந்தக் கேள்வி உங்களை விடாது எண்டு பாருங்கோ."

பிறகு தேத்தண்ணீரும் கீழ்க் கடையிலிருந்து றோல்ஸும் வந்தன. அப்போது மிஸ் சொன்ன ஒரு விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது அந்த மருந்தே சில நேரம் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பும். வன்னியில் வேலை செய்கிற தம்பிக்கு இது நன்றாகத் தெரியும், அவன் கண் முன்னே நடந்திருக்கிறது. அதைத் தடுக்க ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் என்று முன்கூட்டியே கொடுக்கிற வழக்கம் இருந்தது. இலங்கை வைத்தியசாலைகளிலேயே 1,007 நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2011இல் வெளிவந்தது. சிறிய அளவு அட்ரினலின் முன்பே கொடுத்தால் முதல் ஒரு மணித்தியாலத்தில் வருகிற கடும் ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோனாலும் புரோமெதசினாலும் பயன் தெரியவில்லை. வெளிநாட்டு எண்ணை இரவல் வாங்காமல், எங்கள் வார்டுகளில், எங்கள் நோயாளிகளிடமிருந்தே விடை எடுத்திருக்கிறார்கள். "இதுதான் இந்தத் துறை. இதுக்கு டொக்டர் வேணும், மருந்தாளர் வேணும், கணக்குத் தெரிஞ்சவை வேணும்" என்றார் மிஸ்.

சேனக பிபிலேயின் கதையும் வந்தது. நாட்டின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் அவர், மருத்துவரும்கூட. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானதும் மருந்துகளைக் கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்கி விலையைக் குறைத்ததும் அவருடைய சிந்தனையில் நடந்தவை. 1977இல் கயானாவில் இறந்தார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். மருந்தியல் படித்தவர் விரிவுரை மண்டபத்துக்குள் மட்டும் நிற்கத் தேவையில்லை என்பதற்காகச் சொன்னார். என் கவுண்டரில் ஒரு ஏழை அம்மா மலிவான குளிசையைக் கேட்டு வாங்கிப் போகிற ஒவ்வொரு முறையும் இப்போது அவர் நினைவு வருகிறது.

இனி, எங்கள் இருவருக்கும் தனித்தனியே என்ன சொன்னார் என்பது. இம்முறை அச்சடித்த தாள் இல்லை, கையால் எழுதிய இரண்டு வேறு தாள்கள்.

தம்பிக்கு: எம்.டி. தெரிவுப் பரீட்சைக்கு இப்போதே அவசரப்படாதே. முதலில் ஒரு வருடம் பொது மருத்துவ வார்டில் நில். ஒவ்வொரு வாரமும் ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டை எடுத்து, அதில் ஒரு மருந்தின் அளவுக்குப் பின்னால் உள்ள ஆய்வைத் தேடி வாசி. ஆறு மாதத்துக்குப் பிறகும் அந்தத் தேடல் பாரமாக இருந்தால் பொது மருத்துவம் எடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசையாக இருந்தால் பார்மகாலஜிக்கு வா. இன்னொன்றும் வெளிப்படையாகச் சொன்னார்: இந்தத் துறையில் பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் செய்து, அதாவது கட்டணத்துக்கு நோயாளிகளைப் பார்த்து, உழைக்கிற வாய்ப்பு மற்றத் துறைகள் அளவுக்கு இராது. பல்கலைக்கழகம், ஆய்வு, மருந்து ஒழுங்குபடுத்தல் என்றுதான் வாழ்க்கை போகும். இதை வீட்டில் சொல்லிவிட்டு வா என்றார். இப்படி ஒரு பேச்சை வேறு எந்த வழிகாட்டலிலும் நான் கேட்டதில்லை.

எனக்கு: "வோட்டில கிளினிக்கல் பார்மகாலஜிஸ்ட் எண்டு உம்மளால நிக்கேலாது பிள்ளை. ஆனா அந்த 0.85ஐத் தேடிப் போக டொக்டரா இருக்கத் தேவையில்லை." உடலுக்குள் மருந்து எப்படிப் போய் எப்படிக் குறைகிறது என்பதைக் கணித மாதிரிகளால் ஆராய்கிற துறையில் மருந்தாளர்கள், கணிதம் படித்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றார். முதலில் புள்ளியியல். அதற்கான ஆர் (R) என்ற இலவச மென்பொருளைப் பழகு. மருந்துப் பரிசோதனைகளுக்கான நன்னடத்தை விதிகளைப் படித்துச் சான்றிதழ் எடு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். சொந்தக் காசு கட்டி எம்.எஸ்சி. போக அவசரப்படாதே. இங்கே எம்.பில். செய்யலாம், கொமன்வெல்த் போன்ற புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்தோடு பி.எச்டி. தருகிற இடங்களும் இருக்கின்றன. அம்மாவின் நகையை ஈடு வைக்கிற யோசனை இருந்தால் அதை விடு என்றார். இருந்தது. விட்டுவிட்டேன்.

மூன்றாம் முறை போனது கார்த்திகை மாதம், நல்ல மழை. தம்பியால் வர முடியவில்லை, நான் மட்டும். புள்ளியியலில் நான் செய்த பயிற்சிகளை மிஸ் ஒவ்வொன்றாகத் திருத்தினார், இரண்டு இடத்தில் பிழை. பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய மின்னஞ்சலைப் பாதியாக வெட்டினார். வெட்டிய பிறகு அனுப்பினேன். பதில் வந்திருக்கிறது, தொடர்ந்து கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அமர்வுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய், எல்லோருக்கும் கட்டாது. மாணவர்களுக்குக் குறைத்தால் நல்லது என்று ஐயாவிடமே சொன்னேன். முன்பதிவு தொலைபேசியில் மட்டும், அதுவும் மூன்று நான்கு தரம் எடுத்தால்தான் பதில். வார நாட்களில் முன்மேசையில் தருகிற தாள்களை இப்போதும் முழுதாக நம்பமாட்டேன். மூன்றாம் முறை போனபோது படிவத்தில் "தற்போதைய வேலை" என்று புதிதாக ஒரு கோடு இருந்தது, அது நல்ல மாற்றம். ஆனால் அச்சடித்த தாளின் கடைசி வரி அப்படியே இருந்தது. அதை ஐயாவுக்குக் காட்டினேன். பேனையை எடுத்து என் முன்னாலேயே வெட்டினார், கணினியிலும் மாற்றச் சொன்னார்.

எந்த நிலையத்துக்குப் போனாலும் சரி, இந்தத் துறையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் காசு கட்டுமுன் இதை மட்டும் கேளுங்கள்: "இந்தப் படிப்பு முடிஞ்சா எந்தச் சபையில, என்ன பேரில என்னைப் பதிவு செய்வினம்?" பதில் தெளிவாக வராவிட்டால் எழும்பி வாருங்கள்.

போகிறவர்கள் இப்போது செய்கிற வேலையில் உங்களை உறுத்துகிற ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், மிஸ் அதிலிருந்துதான் தொடங்குவார். அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்தான். சின்னம்மாவைக் கூட்டிப் போனபோது பாதிப் படியில் இருத்தி எழுப்ப வேண்டியிருந்தது. கீழே கடைக்காரரிடம் சொன்னால் கதிரை தருவார், மிஸ் இறங்கி வந்தும் கதைப்பார். சின்னம்மாவோடு அப்படித்தான், கடை வாசலில் இருந்து இருபது நிமிடம் கதைத்தார். அதன் பிறகு சின்னம்மா பார்மசி போடுகிற கதையை எடுக்கவில்லை.